நாற்பத்து மூன்றாம் நாள்

முன்வாழ்வு அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், வலது தொடையைத் தடவிப் பார்ப்பதுதான். அங்கே ஒரு பை கட்டியிருக்கிறது என்ற நினைப்பு. பை இருக்காது. அதில் வந்து சேர்கிற குழாயும் இருக்காது. ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார்கள். அறைக்குப் பொறுப்பான ரேஷ்மா பதினோரு வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்த்து வருகிறாள். சிரித்து முடித்ததும் கையில் சுக்குக் காப்பியைக் கொடுப்பாள்.

தருண் தொடையைத் தடவினார். சிரிக்கவில்லை.

"உக்காருங்க சார். இன்னைக்குப் புதன்கிழமை. நீங்க உள்ள போனது ஞாயித்துக்கிழமை. வயித்துல ஒரு ஓட்டையும் இல்ல, சட்டையத் தூக்கிப் பாத்துக்கலாம்."

"தெரியுதுங்க."

"தெரியும். ஆனா எல்லாரும் தூக்கிப் பாப்பாங்க."

அவரும் தூக்கிப் பார்த்தார். அறுபத்தோரு வயது வயிறு, வழக்கமான தொப்பையோடு, கீறல் இல்லாமல் இருந்தது.

வாழ்ந்தறி சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் அறுவைக்கு முதல் நாள் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். பக்கவிளைவு என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை எந்த நோயாளியும் படித்ததில்லை. படித்தவருக்கும் புரிந்ததில்லை. வீட்டுக்குப் போன பிறகு, "இப்படி ஆகும்னு யாரும் சொல்லலையே" என்று அழுதவர்கள் ஆயிரக்கணக்கில். வழக்குக்கு மேல் வழக்கு. கடைசியில் சட்டம் ஒரே வரியில் தீர்த்துவிட்டது: வாழ்ந்து பார்க்காமல் ஒப்புதல் இல்லை.

ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவரின் பிடரியில் ஒரு தகடு. நாற்பத்திரண்டு நாள் அவர் உடம்பு பட்டதையெல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். வலி, வேர்வை, குளிர், நெஞ்சுத் துடிப்பு, தோலில் படுகிற போர்வை, எல்லாம். புதிதாக வருகிறவர் அந்த உடற்பதிவுக்குள் இறங்கி, நாற்பத்திரண்டு நாளை மூன்று நாளில் வாழ்ந்து முடிக்க வேண்டும். பதிவு தந்தவர் யாரென்று தெரியக் கூடாது என்பதால் முகங்களும் எழுத்துகளும் கலங்கலாகத் தெரியும். மனிதப் பேச்சு வெறும் முணுமுணுப்பாகக் கேட்கும். மற்ற ஓசைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். முன்னாள் நோயாளிகளை நேரில் பார்த்துப் பேசவும் தடை. வாயால் சொன்னால் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், உடம்பு பொய் சொல்லாது என்பது சட்டம் எழுதியவர்களின் வாதம்.

இன்னொரு விதியும் உண்டு. பதிவு வாங்கியவர், அறுவை செய்துகொண்டால், தன் பதிவைத் தர வேண்டும்.

"என்ன சார், ரொம்பக் கஷ்டமா?" என்றாள் ரேஷ்மா.

தருண் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கஷ்டமெல்லாம் பரவால்லீங்க. யாருமே தொடலையே."

"நர்சு தொடுவாங்களே."

"அவிங்க கையுறை போட்டிருப்பாங்க."

ரேஷ்மா இந்தப் பதிலை எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை. அவளுடைய படிவத்தில் வலி, கசிவு, தூக்கம், பசி, ஆண்மை என்று ஐந்து கட்டங்கள்தான் இருந்தன.

*

உள்ளே அவர் வாழ்ந்தது என்ன?

கண் விழித்தபோது வயிற்றில் ஆறு சின்னத் துளைகள். கத்தியைவிட, வயிற்றை உப்ப வைக்க நிரப்பிய காற்றுதான் அதிகம் படுத்தியது. அது தோள்பட்டை வரைக்கும் ஏறிக் குத்தியது. எடுத்தது வாதுமைக் கொட்டை அளவு சுரப்பி ஒன்று. புராஸ்டேட். மூத்திரப்பைக்குக் கீழே, இத்தனை வருடம் இருந்த இடம் தெரியாமல் இருந்த பொருள். அது போன பிறகுதான் எதற்கெல்லாம் அது காவல் இருந்தது என்று உடம்புக்குத் தெரிந்தது.

ஒன்பது நாள் குழாய். திரும்பிப் படுத்தால் இழுக்கும். உட்கார்ந்தால் உறுத்தும். மலம் இறங்க நான்கு நாள். முக்கக் கூடாது என்று கட்டளை. ஒன்பதாம் நாள் குழாயை உருவியதும் பெரிய விடுதலை என்று நினைத்த உடம்பு, எழுந்து நின்ற மாத்திரத்தில் நனைந்தது. இருமினால் நனைந்தது. தும்மினால் நனைந்தது. நாளுக்கு ஐந்து பஞ்சுப்பட்டை. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவது போல உள்தசையை இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். காலை, மதியம், மாலை அதே பயிற்சி. ஐந்து பட்டை மூன்றாயிற்று. நாற்பத்திரண்டாம் நாள் இரண்டில் நின்றது.

இடுப்புக்குக் கீழே இன்னொரு மௌனமும் இருந்தது. விடியற்காலையில் தானாக எழுந்து பழகியது, எழவே இல்லை.

இதையெல்லாம் தருண் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது, மாலை நேரம்.

தினமும் ஆறு மணி சுமாருக்கு வெளியே எங்கோ லிஃப்ட் கதவு திறக்கிற ஓசை. டக். சிறு இடைவெளி. டக்-டக். அப்புறம் காலடி. இடது கால் சற்றே தேய்த்து வரும் நடை. சர்க், தப். சர்க், தப். அந்த நடையைக் கேட்டதும் பதிவு தந்தவரின் நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். படுக்கையில் கிடக்கிற வலது கை, உள்ளங்கை மேலே பார்க்க, கட்டிலின் ஓரத்துக்குத் தானாக நகரும். காலடி அறை வாசல் வரைக்கும் வரும். நிற்கும். கதவோரத்து ஸ்டூலில் ஒரு தட்டு வைக்கிற சத்தம். கலங்கலாக ஒரு சேலை நிறம். பிறகு சர்க், தப். போய்விடும்.

நாற்பத்திரண்டு நாளும் அதே கதை. ஒரு நாள்கூட அந்தக் கைமேல் எதுவும் வந்து படவில்லை.

*

"உங்க கட்டி இன்னும் சுரப்பிக்குள்ளதான் இருக்கு சார்," என்றார் டாக்டர் அஃப்ரின். "கதிர்வீச்சுன்னு ஒரு வழி இருக்கு, அதுக்குத் தனி முன்வாழ்வு உண்டு. உங்க வயசு, கட்டியோட வேகம், இருக்கிற இடம், மூணையும் பாத்தா எடுத்துடறதுதான் என் யோசனை. சும்மா கண்காணிச்சிட்டே இருக்கலாம்கிற ரகம் இல்ல இது. பதினஞ்சு நாள் டைம். கையெழுத்துப் போட்டுருங்க."

"போடலைன்னா?"

"ரெண்டு வருஷமோ நாலு வருஷமோ, ஒண்ணும் தெரியாது. எலும்புக்குப் போயிட்டா அப்புறம் பேச்சே வேற."

தருண் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். காத்திருப்புக் கூடத்தில் அவர் மனைவி இலக்கியா, மூன்று நாள் உட்கார்ந்த அதே நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிற்றுந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் வேலை. இரண்டு நிமிடம் பிந்திய ஓட்டுநரை முப்பது பேர் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள். அவரைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்து சட்டைக் காலரைச் சரி செய்தாள். கழுத்தில் விரல் பட்டதும் தருணுக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

மாலையில் வீட்டில் வழக்கம் போல அவள் காலைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். முப்பத்து நாலு வருடப் பழக்கம். நாள் முழுக்க நிலையத்தில் நின்ற கால். ஒவ்வொரு விரலாக அவர் சொடக்கு எடுக்க வேண்டும். ஒன்பது விரல் சொல்பேச்சு கேட்கும். இடது சுண்டுவிரல் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் சத்தம் போட்டதில்லை. "அது எங்கம்மா மாதிரி, என்ன பண்ணாலும் வாயத் தெறக்காது," என்பாள் இலக்கியா. அவரும் தினமும் விடாமல் இழுத்துப் பார்ப்பார்.

அன்று ஆறாவது விரலோடு அவர் கை நின்றது.

"ஏனுங்க, ஆறோட நிறுத்திட்டீங்க?"

"கை வலிக்குது."

"உள்ள என்ன பாத்தீங்க?"

"எல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான்." கொஞ்ச நேரம் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்னு இருக்குது கண்ணு. இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போயிடறேன்."

"இருக்கிற வரைக்கும்னா, எது வரைக்கும்?"

எப்படிச் சொல்வார்? அறுத்துக்கொண்டு வந்தால் நீயும் வாசலோடு நின்றுவிடுவாய், அதைவிட நாலு வருடம் உன் கால் என் மடியில் இருந்தால் போதும் என்றா? அது வாயில் வரவில்லை.

இலக்கியா காலை எடுத்துக்கொண்டாள். "நேரம் தவறுற வண்டிக்கே நான் காரணம் கேப்பேன். நீங்க காரணம் சொல்லாமப் போறேங்கறீங்க. நல்லா இருக்குதுங்க நாயம்." எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

*

டாக்டர் தந்த பதினைந்து நாளில் ஏழாம் நாள் தருண் தனியாக முன்வாழ்வு அறைக்குப் போனார். இரண்டாவது பதிவை ஒரு மணி நேரம் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு.

"வேற ஆளோட பதிவு குடுங்க. வீட்டுக்காரம்மாகூட நல்லாப் பேசி வெச்சிருக்கற ஆளாப் பாத்து."

"அதெல்லாம் எனக்கு எப்படிச் சார் தெரியும்?" என்று சிரித்தாள் ரேஷ்மா. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்து போட்டுவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் எழுந்தார். இந்த வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டது. எங்கோ கிளி கத்தியது. வாசலில் நின்ற காலடி மட்டும் மாறவில்லை. வந்தது, நின்றது, போனது.

"இதுலயும் யாரும் தொடலீங்க."

ரேஷ்மாவின் முகத்தில் முதல் தடவையாக யோசனை ஓடியது. கணினியைத் திருப்பி எதையோ தேடினாள். வெகு நேரம் தேடினாள். "சார், தோல் அழுத்தம்னு தனி வரி ஒண்ணு இருக்கு. நான் திறந்ததே இல்ல. வந்ததுல தேர்ந்து பதினேழு பதிவுதான் வெச்சிருக்கோம். கையுறை இல்லாத கை பட்டதுன்னு பதினேழுலயும் ஒரு இடம் இல்ல." குரல் இறங்கியது. "நூறு பேருக்கு முப்பது பேரு கையெழுத்துப் போடாமப் போயிடறாங்க. கசிவுக்குப் பயந்துக்கிட்டாங்கன்னுதான் எழுதி அனுப்பிட்டிருக்கேன்."

"அப்ப, பொண்டாட்டிக எல்லாம் அப்படித்தான் ஆயிடுவாங்களாட்ட இருக்குது."

"தெரியல சார்."

படியிறங்கும்போதுதான் தருணுக்கு அது உறைத்தது. இரண்டாவது வீட்டின் ஓசை வேறு. முதல் வீட்டின் ஓசை வேறு. டக். டக்-டக். இந்தச் சத்தத்தை அவர் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறார். பதிவுக்குள் சொந்த ஞாபகம் பாதித் தூக்கத்தில் இருக்கும் என்பதால் அப்போது பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரெல்லாம் சத்தமில்லாத காந்தத் தூக்கி வந்துவிட்டாலும் கயிற்றில் ஓடுகிற பழைய லிஃப்ட் இன்னும் நாற்பது ஐம்பது கட்டடத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வடவள்ளியில் ஒரு ஒன்பது மாடிக் கட்டடம். மூன்றாம் மாடிக் கதவில் உருளை உடைந்திருந்தது. அதே அளவு உருளை கிடைக்கவில்லை. வேறு மாடலின் உருளையைத் தற்காலிகமாகப் போட்டார். அளவு ஒரு நூல் சின்னது என்பதால் கதவு திறக்கையில் ஒரு தடவையும், முட்டி நிற்கையில் இரண்டு தடவையும் தட்டும். அடுத்த வாரம் வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அவர் செய்த தப்பு, யாரோ ஒருவரின் உடம்பில் நாற்பத்திரண்டு மாலை ஒலித்திருக்கிறது.

*

வடவள்ளிக் கட்டடத்தின் காவலாளி அவருடைய கருவிப் பெட்டியைப் பார்த்து எதுவும் கேட்காமல் விட்டான். மணி ஐந்தே முக்கால். தருண் மூன்றாம் மாடியில் இறங்கி, கதவின் மேல்தகட்டைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்தார். தேய்ந்து பளபளத்தது. எதிரே இரண்டு வீட்டுக் கதவுகள். எதைத் தட்டுவது, தட்டி என்னவென்று கேட்பது?

மாடிப்படியில் காலடி கேட்டது. லிஃப்ட் வேலை நடப்பதால் யாரோ படியேறி வருகிறார்கள்.

சர்க், தப். சர்க், தப்.

தருணின் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. அது அவருடைய நெஞ்சின் பழக்கமே இல்லை. கடன் வாங்கிய பழக்கம். ஸ்பேனர் பிடித்திருந்த வலது கை தானாக விரிந்தது. ஸ்பேனர் கீழே விழுந்து உருண்டது.

ஏறி வந்த பெண்ணுக்கு அறுபது, அறுபத்திரண்டு இருக்கும். கையில் காய்கறிப் பை. மூச்சு வாங்கிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். பிறகு தகட்டைக் கழற்றியிருப்பதைப் பார்த்து முகம் மாறினாள்.

"அந்தக் கதவையா சரி பண்றீங்க? யாரு சொன்னது? நாங்க யாரும் கேக்கலையே."

"பழைய பாக்கிங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால நாந்தான் தப்பான உருளை போட்டுட்டுப் போயிட்டேன்." தருண் ஒரு கணம் தயங்கினார். பிறகு, பொய் சொல்லத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டார். "இந்தச் சத்தம் எனக்கு வேற எடத்துலயும் கேட்டுச்சுங்க. முன்வாழ்வு அறையில. உங்க நடையும்."

அவள் பெயர் சஹானா. அதை அவள் பிற்பாடு சொன்னாள். அப்போது சொன்னது வேறு.

"நீங்க வந்தது சட்டப்படி குத்தம். தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அந்தப் பதிவுல நீங்க..." அவள் முடிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அந்நியர் ஒருவரின் முகத்தில் யாரையோ தேடுவது போல. பிறகு கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க."

உள்ளறை வாசலில் அந்த ஸ்டூல் இருந்தது. இப்போது அதன் மேல் ஒரு பூந்தொட்டி. கட்டிலில் ஒரு தலையணைதான் இருந்தது. அவள் கணவர் பிரணவ் போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். புற்று திரும்பி வரவில்லை. அறுவைக்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார்.

"என்ன தெரிஞ்சுக்கணும் உங்களுக்கு?" என்றாள் சஹானா.

"ஏன் நீங்க அவரைத் தொடவே இல்ல?"

அவள் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"தகடு ஒட்ட வந்த பொண்ணு வெளக்கமாச் சொன்னாளுங்க. இவருக்கு இனி என்ன படுதோ, அதெல்லாம் பின்னால வர்ற எல்லா நோயாளிக்கும் படும்னு. அதக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிப்போச்சு. நான் அவர் தோள்ல கை வெச்சா, முன்ன பின்ன தெரியாத எத்தனை ஆம்பளைக தோள்ல கை வெச்ச மாதிரி ஆகும்? தினமும் ஆபீஸ்லேர்ந்து வரும்போது, இன்னைக்கு உள்ள போயிடணும்னு நெனச்சுட்டேதான் வருவேன். வாசல் வரைக்கும் வந்தா கால் நகராது. காரணத்தச் சொல்லிடலாம்னா, பேச்சும் பதிவாகும்னு நெனச்சுட்டேன். கலைச்சுடுவாங்கன்னு யாரும் சொல்லல."

தருண் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பதினேழு பதிவு. பதினேழு வீடு. பதினேழு வாசலில் பதினேழு பெண்கள், கூச்சத்தோடு.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாப்பத்து மூணாம் நாள் காலைல நர்சு வந்து தகட்டக் கழட்டிட்டுப் போனா. அவ லிஃப்டுல ஏறினா. டக்-டக்னு கதவு மூடற சத்தம் கேட்டுச்சு. நான் செருப்பக்கூட கழட்டாம அந்த ரூமுக்குள்ள ஓடினேன்." முதல் தடவையாகச் சிரித்தாள். "அதுக்குப் பொறவு நடந்தது எந்தப் பதிவுலயும் இல்லீங்க. அது எங்களது. உங்களுக்குத் தெரிய வேண்டியதச் சொல்றேன். கசிவு அஞ்சாம் மாசம் நின்னுது. சிரிச்சா மட்டும் கொஞ்சம் இருந்துச்சு, அதுக்கும் சேத்துச் சிரிப்போம். மத்தது ஒன்றரை வருஷம் ஆச்சு. மாத்திரை போட்டுப் பாதி வந்துச்சு, பாதி வரல. அதுக்காக நாங்க ஒண்ணும் காத்துட்டு இருக்கல."

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சஹானா வேறு குரலில் கேட்டாள்.

"எட்டு வருஷத்துல அந்த நாப்பத்திரண்டு நாளப் பத்தி அவர் ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல. நல்லா இருக்கறப்ப எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். இப்பக் கேக்க ஆளில்ல. அந்தப் பதிவ நோயாளியத் தவிர யாருக்கும் தர மாட்டாங்களாம். எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன்." அவள் அவரைப் பார்க்காமல் பூந்தொட்டியைப் பார்த்தாள். "நீங்க அவரா இருந்துட்டு வந்திருக்கீங்க. சொல்லுங்க. நான் வாசல்ல நின்னப்ப, என்மேல கோவமா இருந்தாரா?"

தருண் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு மாலையும் அவர் உடம்பில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். பல் இறுகியதா? இல்லை. தாடை? இல்லை.

"கோவம் இல்லீங்க. உங்க நடை கேட்டா நெஞ்சு ஓடும். வலது கை இப்படி, கட்டில் ஓரத்துக்கு வந்துரும்." உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துக் காட்டினார். "நீங்க போன பொறவும் அது அப்படியேதான் இருக்கும். மடக்கவே மாட்டாருங்க. நாப்பத்திரண்டாம் நாள் வரைக்கும் ஒரு தடவைகூட மடக்கல."

சஹானா அந்தக் கையையே பார்த்தாள். தன் கையை நீட்டி, பாதி வழியில் நிறுத்தி, எடுத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தருண் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்தார்.

கருவிப் பெட்டியில் சரியான அளவு உருளையை வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்தபோது சஹானா வாசலுக்கு வந்தாள்.

"பழையதையே மாட்டிடுங்க. அந்தச் சத்தத்தோட வந்தாத்தான், உள்ள ஒருத்தர் காத்துட்டிருக்கற மாதிரி இருக்குது."

தருண் தன் தப்பை எடுத்துத் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் மாட்டினார்.

*

இலக்கியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதுக்குத்தானா சாகறேன்னு உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"கூறுகெட்ட மனுசன்." நேரத்தைப் பார்க்கிறவள் போலச் சுவரைப் பார்த்தாள். "ஆனா அந்தம்மா செஞ்சது தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பேன். இப்பவே சொல்லிடறேன்."

"நில்லு. எனக்கு நாப்பத்து மூணாம் நாள் இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

பதினான்காம் நாள் கையெழுத்துப் போட்டார். இயந்திரக் கை மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்தது. நரம்புகளை இரண்டு பக்கமும் காப்பாற்றியாயிற்று, எழுப்ப வேண்டியது காலத்தின் பொறுப்பு என்றார் அஃப்ரின். பிடரியில் தகடு ஒட்டப்பட்டது. மூன்றாம் நாள் வீடு.

அவர் உடம்புக்கு எல்லாம் இரண்டாம் தடவை. தோளில் ஏறும் காற்று, இழுக்கும் குழாய், இறங்காத மலம். தெரிந்த ஊருக்குள் திரும்ப நடப்பது போல இருந்தது. பயம் இல்லை. ஏக்கம் மட்டும் இருந்தது. இலக்கியா வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்தாள். மாத்திரை கொண்டுவந்தாள். எல்லாம் கட்டிலை ஒட்டிய மேசைமேல் வந்தது. மேசையோடு நின்றது. பேசினாள், கேலி செய்தாள், நிலையத்து ஓட்டுநர்களைத் திட்டினாள். கை மட்டும் வரவில்லை. அவர் கேட்கவில்லை. வலது கை கட்டில் ஓரத்தில், உள்ளங்கை மேலே பார்க்க, கிடந்தது.

பத்தாம் நாள். முந்தின தினம்தான் குழாய் எடுத்திருந்தார்கள். மாலையில் ஒரு தும்மல் வந்தது. தாங்கிப் பிடிப்பதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. தெரிந்த விஷயம்தான். ஏற்கெனவே வாழ்ந்த விஷயம்தான். இருந்தாலும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் காலடி நின்றது.

"எத்தனை பேருன்னு சொன்னீங்க?" என்றாள் இலக்கியா.

"எது?"

"உங்களுக்குள்ள வந்து உக்காரப் போறவிங்க."

"ரேஷ்மா வருஷத்துக்கு முந்நூறுன்னு சொல்லுச்சு."

"முந்நூறா." கதவு நிலையில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். "அதுல நூத்துக்கு முப்பது பேரு, உங்களாட்டக் காரணம் சொல்லாம வீட்டுக்குப் போயி உக்காந்துக்குவாங்க. அவங்கவங்க வீட்டுலயும் என்னாட்ட ஒருத்தி பாத்திரத்தப் போட்டு ஒடைப்பா."

தருண் திரும்பிப் பார்த்தார்.

"நான் பேசறது அவிங்களுக்குக் கேக்காதல்ல?"

"கேக்காது. முணுமுணுன்னு இருக்கும்."

"அப்ப கையாலதான் சொல்லணும்."

அவள் உள்ளே வந்தாள். நனைந்த விரிப்பை உருவி, வேறு போட்டு, அவரைத் துடைத்துவிட்டாள். கையுறை இல்லை. பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வருடத்தில் அவள் அவருக்குச் சொடக்கு எடுத்ததில்லை. பழக்கமில்லாத கை. கட்டைவிரலை இழுத்தாள். டக்.

"வலிக்குதா?"

"சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது."

"நான் எங்க சிரிக்க வெச்சேன்? கம்முனு இருங்க, முந்நூறு பேருக்கு எடுத்துட்டிருக்கறேன்."

*

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாலை ரேஷ்மா அழைத்தாள். படிவத்தில் ஆறாவதாக, தொடுகை என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்களாம். கையெழுத்துப் போடாமல் போகிறவர்கள் நூறுக்கு ஒன்பதாகக் குறைந்திருக்கிறார்களாம்.

"இப்ப எல்லாருக்கும் முதல்ல உங்க பதிவத்தான் போடறோம். வெளிய வந்ததும் தொடையத் தடவறாங்க சார், அது மாறல. ஆனா அதுக்கப்புறம் குனிஞ்சு கால்விரலப் பாக்கறாங்க."

தருண் சிரித்தார். கொஞ்சம் கசிந்தது. பரவாயில்லை.

"இன்னொண்ணு சொல்லணும் சார். நேத்து ஒருத்தர் வந்தாரு. வீட்டம்மா தவறி ஆறு வருஷமாம். உங்க பதிவுதான் போட்டேன். கையெழுத்தெல்லாம் போட்டுட்டாரு. போட்டுட்டு, இன்னொரு தடவ உள்ள போகட்டுமான்னு கேட்டாரு. அதே பதிவத் திரும்பத் தரச் சட்டத்துல எடமில்லன்னு சொன்னேன். சரிம்மான்னுட்டு, வெளி பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. கைய இப்படி விரிச்சு வெச்சுக்கிட்டு."

தருண் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலையத்தில் நின்று வந்த காலைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். அவர் ஒவ்வொரு விரலாக இழுத்தார். ஒன்பதும் சத்தம் போட்டன. இடது சுண்டுவிரலுக்கு வந்தார். வலிக்காமல், விடாமல், பிடித்து இழுத்தார்.

இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.